வேரோடு வந்தது

“யாரும் பாக்கலியே?” என்றாள் அவள்.

“தெருவே தூங்குது. பேசாம கட்டு” என்றான் கணவன். சாக்குக்குள் அடங்காமல் ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மிதித்து உள்ளே தள்ளினாள். நாளைக்கு மாமியார் வருகிறார். அதற்குள் தடயமே இருக்கக் கூடாது.

சாக்குக்குள் இருந்தது செம்பருத்திச் செடி. அந்த வீட்டில் அதற்கு ஆளுக்குரிய மரியாதை. மாமியாரின் மாமியார் தன் கையால் குச்சி ஊன்றி வளர்த்ததாம்.

மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்டபோது மாமியார் பீரோ சாவியை மகனிடம் கொடுத்தார். செடியை மட்டும் புது மருமகளிடம் ஒப்படைத்தார். “உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்றார். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் நம்பிக்கை அது.

அதைத்தான் அவள் கத்தரித்துவிட்டாள். ஒட்ட வெட்டினால் புதராகத் தழைக்கும் என்று செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, கணுக்கால் உயரத்துக்கு வெட்டினாள். பிறகு தினமும் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் பச்சை தெரிந்தது, அப்புறம் பழுப்பு, கடைசியில் வெறும் சுள்ளி.

“இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே. துளிர்த்தாலும் துளிர்க்கும்” என்றான் கணவன்.

“நாளைக்குள்ள துளிர்க்குமா? அதே சிவப்பு, அதே உயரம். நர்சரிக்குப் போய் வாங்கிட்டு வாங்க!”

பழைய செடியைப் பிடுங்கியபோது வேரோடு பின்னிக்கொண்டு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் வந்தன. “உங்க வீட்டுக் குப்பையெல்லாம் இங்கதான் புதைச்சிருக்கீங்க போல” என்று கணவனைச் சீண்டிவிட்டு, அதையும் சாக்கில் திணித்தாள். அதே குழியில் புதுச் செடியை நட்டாள்.

மறுநாள் மாமியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கொல்லைப்புறம் போனார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே. அவளும் பின்னாலேயே ஓடினாள்.

“என்ன, இலையெல்லாம் தொங்குது?”

“வெயில், அத்தை.”

“மண்ணு புதுசா இருக்கு?”

“கொத்தி விட்டேன், அத்தை.”

மாமியார் கால் கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். குனிந்து அடித்தண்டைத் தடவினார். பிறகு மருமகளின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். கணவன் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, “ஹலோ, ஹலோ” என்றபடி நழுவினான்.

அன்று முழுக்க மாமியாருக்கு இதே வேலை. பேத்தியின் மூக்கைப் பற்றிப் பேசுவார், பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து கொல்லைப்புறம் போவார், திரும்பி வந்து அவளையே பார்ப்பார். திட்டித் தீர்த்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“உண்மையைச் சொல்லு. அது வேற செடிதானே?”

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட, “மன்னிச்சிடுங்க அத்தை. நம்பிக் குடுத்தீங்க, நான் கொன்னுட்டேன். பயத்துல மாத்தி வெச்சுட்டேன்” என்றாள்.

மாமியார் கதவை லேசாகத் திறந்து மகன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். மறுபடி சாத்திவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

“நர்சரிப் பையைக் கழட்டிட்டுத்தானே நட்டே? நான் என் மாமியாருக்குப் பயந்து மாத்தினப்போ, அவசரத்துல பையோடவே நட்டுட்டேன்!”