ஆறு வயது கூடுதல்

கொரோனா மறுபடியும் வந்திருந்தது. இந்த முறை யாருக்குத் தீவிர சிகிச்சைப் படுக்கை என்று டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை; வாசலில் இருந்த கருவியே சொல்லிவிடும். பிழைக்கும் வாய்ப்பு முப்பது சதவீதம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வராந்தா.

மாசானத்துக்கு இருபத்திரண்டு வந்தது.

"வயசு எழுபத்திரண்டுல்லா? அதான்," என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"ஐயா, அவுகளுக்கு அறுபத்தாறுதான்," என்றாள் மனைவி பேச்சித்தாய். "முதியோர் பென்சன் சீக்கிரம் கிடைக்கும்னு அன்னைக்கு கார்டுல ஆறு வயசைக் கூட்டிப் போட்டுட்டோம். தப்புதான். ஆனா அவுக நுரையீரலுக்கு அது தெரியாதுல்லா?"

"கருவிக்குக் கார்டுதாம்மா தெரியும். திருத்தணும்னா அவரே வந்து கைரேகை வைக்கணும்."

மாசானம் ஆக்சிஜன் சிலிண்டரோடு, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே வரிசையில் நின்றார். முன்னால் பதினேழு பேர். எல்லோரும் பென்சனுக்காக அவசரப்பட்டுக் கிழவரானவர்கள்.

நான்கு மணி நேரம் கழித்து அவர் முறை வந்தது. கட்டைவிரலை மூன்று முறை மறுத்த கருவி, நான்காம் முறை ஏற்றுக்கொண்டது. மிக நேர்மையான கருவி. வயது குறைந்ததற்காகப் பத்தொன்பது சதவீதம் கூட்டியது. காத்திருந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிப்போனதற்காகப் பன்னிரண்டைக் கழித்தது.

திரையில் இருபத்தொன்பது.

கவுண்டர்காரர் நிம்மதியாக நிமிர்ந்தார். "இப்பத்தாம்மா எல்லாம் கரெக்டா இருக்கு. வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போங்க."