விற்றுப்போன ரெக்கார்டு

சனிக்கிழமை நாலு மணிக்கு பிரிகேட் ரோட்டு ரெக்கார்டு கடைக்குள் அல்போன்சாம்மா நுழைந்தாலே ஜெயராமனுக்கு முகம் சுருங்கிவிடும்.

"தம்பி, நம்ம ரெக்கார்டைப் போடுறியாப்பா?"

நம்ம ரெக்கார்டாம்! பதினோரு வாரமாக இதே கூத்து. போடச் சொல்வார், மூன்று நிமிஷம் நின்று கேட்பார், "தேங்க்ஸ்ப்பா" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாளும் வாங்கியதில்லை.

அது ஐம்பத்தாறாம் வருஷம். ஜெயராமன் அந்தக் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்த புதிதில் ஜாஸ் என்றால் பாத்திரக்கடையில் மாடு புகுந்த சத்தம்தான் அவனுக்கு. இப்போது ஊசி வைத்த மாத்திரத்தில் இது ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட், இது எல்லிங்டன் பியானோ என்று சொல்லிவிடுவான்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை நிறைய அந்தப் பெயர்களைக் கேட்டு வருகிறவர்கள்தான். அத்தனை பேரும் காத்திருக்க, இந்த அம்மாவுக்கு வேண்டியது ஆம்ஸ்ட்ராங்கும் இல்லை, எல்லிங்டனும் இல்லை. கல்கத்தாவில் ஏதோ ஒரு ஓட்டல் பாண்டு எப்போதோ பதிவு செய்த ரெக்கார்டு. கடையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வருஷக்கணக்காக யாரும் சீண்டாதது.

இதில் அதிகாரம் வேறு.

"சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தி வை தம்பி. அந்தக் கதவையும் நல்லாத் திறந்து வெச்சிடு."

"ஏம்மா, இவ்ளோ பிடிச்சிருந்தா வாங்கிட்டுப் போய் வீட்டுல நிம்மதியா கேக்கலாமே?" என்று ஒரு தடவை கேட்டும் பார்த்துவிட்டான்.

"பாக்கலாம்ப்பா" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை ஜெயராமன் ஒரு முடிவோடு இருந்தான். நாலு மணிக்கு முன்னாலேயே அந்த ரெக்கார்டை எடுத்து கவுண்டருக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டான்.

"தம்பி, நம்ம ரெக்கார்டு..."

"அது வித்துப்போச்சும்மா."

முகம் தொங்கிப் போகும், அத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்தான்.

"வித்துப்போச்சா? நெஜமாவா?" அல்போன்சாம்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "யாருப்பா வாங்கினது?"

ஜெயராமன் தடுமாறினான். "யாரோ ஒரு சார்... மல்லேஸ்வரம்னார்."

"போட்டுக் கேட்டாரா? இல்ல, சும்மா வாங்கிட்டுப் போயிட்டாரா?"

"கேட்டார்மா. ரெண்டு தடவை போடச் சொன்னார்."

"கேட்டுட்டு என்ன சொன்னார்?"

அந்தக் கண்களைப் பார்த்த பிறகு ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

"நடுவுல பாண்டு எல்லாம் அடங்கி, ட்ரம்பெட் மட்டும் தனியா மேல எழும்புதே, அந்த எடத்துல கண்ணை மூடிக்கிட்டார்மா. 'ஆம்ஸ்ட்ராங் எல்லாம் நிறையக் கேட்டிருக்கேன், இவரும் லேசுப்பட்டவர் இல்ல, யாருய்யா இது?'ன்னு கேட்டார். உறையில பேர் போடலையே சார்னு சொன்னேன்."

சொல்லி முடித்ததும் ஜெயராமனுக்கே தூக்கிவாரிப் போட்டது. மல்லேஸ்வரத்து சார்தான் பொய். ஒவ்வொரு வாரமும் அந்த இடம் வரும்போது பில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்து நின்றது அவன்தான்.

அல்போன்சாம்மா அங்கே கிடந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"பெர்னார்ட். அவர் பேரு பெர்னார்ட். என் வீட்டுக்காரர்தான்."

ஜெயராமனின் கை தானாகக் கவுண்டருக்குக் கீழே ஒளித்து வைத்த ரெக்கார்டின் மேல் போனது.

"பாண்டு மாஸ்டர் பேரைத்தான் போட்டாங்க. வாசிச்சவங்க பேரை யாரு போடறா? போன மழைக்காலத்துல தவறிட்டார் தம்பி. அவருக்குக் கடைசி வரைக்கும் ஒரே ஒரு மனக்குறை. 'நமக்குத் தெரிஞ்சவங்க எனக்காக வாங்கினாங்க அல்போன்சா. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர், கேட்டு, பிடிச்சுப்போய் வாங்கினாரான்னு தெரியலையே'ம்பார்."

"அப்போ உங்ககிட்ட அந்த ரெக்கார்டு..."

"வீட்டுல மூணு இருக்குப்பா. அங்க போட்டா நான் மட்டும்தானே கேப்பேன்? இங்க போட்டா ரோட்டுல போறவங்க காதுலயும் விழும். அதுக்குத்தான் கதவைத் திறக்கச் சொன்னேன். உன்னை ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன். இனிமே வரமாட்டேன். வந்த வேலை முடிஞ்சுது."

படி இறங்கப் போனவர் திரும்பினார்.

"அந்த சார் மறுபடி வந்தா பேரை மட்டும் சொல்லிடுப்பா. பெர்னார்ட்."

"சொல்றேம்மா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஜெயராமன், கைகால் கூடக் கழுவாமல் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு ரெக்கார்டு உறையின் மேல் பேனாவால் நிதானமாக எழுதினான்: ட்ரம்பெட், பெர்னார்ட்.

காப்பியோடு வந்த அவன் மனைவி சரளா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கடை ரெக்கார்டு மேல கிறுக்கறீங்க?"

"கடையோடது இல்ல. காசு குடுத்து வாங்கிட்டேன்."

"வாங்கினீங்களா?" சரளா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம வீட்டுல கிராமபோனே இல்லையே!"