பூதத்தின் முறைப்பு

மீன்காரச் சிலுவையம்மாள் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, ரூத் படம் வரைந்த முதல் குழந்தைகள் புத்தகத்தை விரித்துக் காட்டினாள்.

“இன்னா ரூத்து, இடுப்புல கைய வச்சிகினு, ஒத்தப் புருவத்த தூக்கினு மொறைக்குதே இந்தப் பூதம். இது நான்தானே?”

ரூத்தின் அம்மாவும் எட்டிப் பார்த்தாள். ரூத் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“ஆமா அத்த, நீதான். மன்னிச்சிக்கோ.”

“இனிமே உனக்கு வஞ்சிரம் கெடையாது, பொடிசா காரப்பொடி மீனுதான்!”

சிலுவையம்மாள் திட்டித் தீர்த்துவிட்டுக் கிளம்பியதும் ரூத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அச்சு அசலா அவளேதான்,” என்று சிரித்த அம்மா, சட்டென்று திரும்பினாள். “ஏன்டி, பூதத்துக்கு இந்த ஊர்ல வேற மூஞ்சியே கெடைக்கலியா உனக்கு?”

கேட்டுக்கொண்டே இடுப்பில் கைவைத்து, ஒற்றைப் புருவத்தைத் தூக்கி முறைத்தாள்.

சமையலறைப் பக்கம் பார்த்துப் பார்த்து ரூத் பூதத்துக்கு வரைந்த அதே முறைப்பு.