தெருமுனையில நின்ன வண்டி

"எந்தப் பேட்டரி போட்டாலும் உங்க தங்கச்சி தெருவுக்குள்ள வண்டி போகாதுண்ணே. போன்ல நம்பரைத் தடுக்கிற மாதிரி, அவங்க வீட்டுக்காரர் உங்க வண்டி உள்ள வராம தடுத்து வச்சிருக்காரு," ன்னான் பேட்டரிக் கடைக்காரன்.

காளிங்கனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொங்கலன்னைக்குச் சீட்டாடுறப்ப ஒரு வார்த்தை விட்டதுக்கா இது? இன்னைக்கு அவ பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேணுமே!

"நடந்து போங்களேன்."

"தடுத்தவன் வீட்டுக்கு நடந்து வேற போவேனா?"

இருக்கிறதுலயே விலை கூடின பேட்டரிய மாட்டிட்டுப் போனான். அதுவும் தெருமுனையிலயே நின்னுச்சு. எறங்க மனசில்லாம ஹாரனை அமுக்கினான்.

தங்கச்சி பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தா, பின்னாடியே ஆசாரி. "மடி இங்கதானே இருக்கு," ன்னு வண்டியில உக்காந்திருந்தவன் மடியிலயே பிள்ளைய வச்சா.

ஊசி பட்டதும் பிள்ளை வீல்னு கத்துச்சு. வாசல்ல மொறைச்சுக்கிட்டு நின்ன மாப்பிள்ளை பதறி ஓடியாந்தாரு.

"மொதல்ல வண்டிய உள்ள விடுங்க மாப்ள. அப்புறம் பிள்ளையத் தூக்குங்க," ன்னான் காளிங்கன்.