முப்பத்தேழு நாடு

"நேத்து ஏண்ணா போன் எடுக்கல?"

சென்னையிலிருந்து வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து இறங்கியதுமே எழிலரசி கேட்டாள்.

"மாதாந்திரப் பராமரிப்புனு ஒன்பதுலருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் இல்லம்மா. போன்ல சார்ஜ் இல்ல," என்றான் அண்ணன் புகழேந்தி. பூட்டிக் கிடந்த மாடி ரூமில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

"என் நகையை வித்து நீ வாங்கிக் குடுத்த கிரிப்டோ காயினோட நெட்வொர்க்கை ஒரு வாரமா நானே எண்ணிப் பாத்தேன். அதை நடத்துறது நாலாயிரம் கம்ப்யூட்டர், முப்பத்தேழு நாட்டுல இருக்குனு காட்டுது."

"நான்தான் சொன்னேனே, உலகம் பூரா இருக்குதுனு!"

"ஆனா நேத்து ஜப்பான், பிரேசில், ஜெர்மனி கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்பது மணிக்கு ஒண்ணா அணைஞ்சி, ரெண்டு மணிக்கு ஒண்ணா உயிர் வந்துச்சி."

புகழேந்தி மாடிப்படியை மறித்து நின்றான்.

"ஜப்பானுக்கும் நம்ம வேங்கிக்காலுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரா? மாடி ரூம் சாவியைக் குடுண்ணா."