பெண் கேட்டு வந்தவர்களின் தலைமுடி

"வேண்டாம்னு சொல்லிடு." ராவவு அக்கா, தம்பி ரசோலுவின் காதைக் கடிக்காத குறையாகச் சொன்னாள். "அந்தாளுங்க தலையைப் பாரு. நம்ம வம்சத்து முடி என்னத்துக்காகும்?"

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் மூதாதையர் வரிசை சொல்லிக்கொண்டிருந்தார். கிழக்குத் தீவுகளில் புறப்பட்ட தோணி மடகாஸ்கர் கரையைத் தட்டுவதற்குள் கொட்டிலில் ஒரு மாடு கன்று போட்டுவிட்டது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த பாட்டிமார் இன்னும் பாக்கி.

அவர் முடித்ததும் பெண்ணைப் பெற்ற ரசோலு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தருகிறேன், அல்லது தரமாட்டேன்.

மகள் ஹாய்ங்கு பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாலேயே அவர் கழுத்தைப் பிடித்திருந்தாள்.

முறைப்படி பெண் வீட்டார் வடக்கே, வந்தவர்கள் தெற்கே. ஆனால் நடுவில் கொட்டிய மழை எல்லோரையும் முற்றத்துத் தார்ப்பாய்க்கடியில் ஒரே கும்பலாக வாரிப் போட்டிருந்தது.

முகத்தை வைத்துப் பிரிக்கலாமென்றால் அதுவும் நடக்கவில்லை. சாய்ந்த கண், தடித்த உதடு, சந்தன நிறம், அட்டக்கரி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒரு பெஞ்சில் ஆளுக்கொரு கண்டத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"அதோ, சோத்துப்பானை பக்கத்துல. சுருட்டை முடி மேல தொப்பி உட்காரவே இல்ல, மிதக்குது பாரு. நாளைக்கு உன் பேரனுக்குச் சீப்பு வாங்கியே நீ ஓட்டாண்டி ஆயிடுவே."

ரசோலு மிதக்கும் தொப்பியைப் பார்த்தார். அதற்கு இந்தப்பக்கம் வெள்ளைச் சால்வை போர்த்திய ஓர் அம்மாள். கூந்தலா அது, அருவி. ஓடமே விடலாம்.

"நம்ம பக்கத்து அந்தம்மா மாதிரி அவங்க வீட்டுல ஒருத்தராவது இருந்தா யோசிக்கலாம்" என்றார்.

"அவங்கதான் மாப்பிள்ளையோட அம்மா" என்றாள் ஹாய்ங்கு பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்போ அந்தத் தொப்பி?"

தொப்பி திரும்பியது. வாய் நிறைய வேர்க்கடலை. "என்ன மாமா, அடையாளம் தெரியலையா? தொம்போ. கடற்கரையில கட்டிக்கொடுத்தீங்களே உங்க தங்கச்சி, அவங்க மூத்த மகன்."

ராவவு அக்கா அவசரமாக மழையை வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள்.

பேச்சாளர் முடித்துவிட்டார். அத்தனை கண்களும் ரசோலுவின் மேல். யாரை வேண்டாமென்பது, யார் எந்தப் பக்கம், ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

"தர்றேன்" என்றது வாய்.

ஹாய்ங்கு விட்ட மூச்சில் தார்ப்பாய் ஒரு முழம் மேலே போய் வந்தது.

குடும்பத்துக்கே மூத்தவரான பெரியப்பா வெள்ளைத் தட்டில் ஆசீர்வாதத் தண்ணீர் எடுத்து வந்தார். அது உச்சந்தலையில் பட வேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ரசோலுவும் கழற்றினார்.

தெளித்த நீர் தலைக்குத் தலை வழிந்தது. தொம்போ தலையில்கூட மெதுவாக வழி கண்டுபிடித்து இறங்கிவிட்டது.

ரசோலுவின் தலையில் மட்டும் ஒரு சொட்டுகூட நகரவில்லை. மிளகு மிளகாகச் சுருண்டு இறுகிய முடிமேல் முத்து முத்தாக அப்படியே நின்றது.

அருவிக் கூந்தல் அம்மாள் அதையே கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் சாய்ந்தாள்.

"நீ சொல்லவே இல்லையேடா."