செலினின் கால்கள்

மகள் செலினுக்கு நடை வரவேண்டும் என்று வேளாங்கண்ணி மணலில் கோயில் வரைக்கும் முட்டிபோட்டே போனவள் ஜெசிந்தா. போன மாதம் சிகிச்சை மையத்தில் இயந்திரக் கால்கள் கொடுத்தார்கள். காலையில் மாட்டிவிட்டால் தானாகவே பள்ளிக்கூடத்துக்கு நடக்கும். இடையில் நிறுத்துகிற உரிமை மையத்துக்குத்தான்.

இன்று மாட்டிய பிறகுதான் செலினுக்கு உடம்பு அனலாய்க் கொதிப்பது தெரிந்தது. அதற்குள் கால்கள் எழுந்துவிட்டன.

"போகமாட்டேன்னு சொல்லும்மா!"

ஜெசிந்தா குறுக்கே நின்றாள். கால்கள் அவளைப் பதவிசாகச் சுற்றிக்கொண்டு படியிறங்கின. மையத்துக்குப் போன் போட்டாள். "ஆரம்பத்துல எல்லாப் பிள்ளைகளும் அழும்மா. பழகிடும்" என்று வைத்துவிட்டார்கள்.

தெருவில் செலினின் முகம் மட்டும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்தக் கால்கள் நின்றால் மறுபடியும் முட்டிபோட்டு வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டே பின்னால் ஓடினாள் ஜெசிந்தா.